டிப்ளமோவின் ‘விளைவு’: பட்டறையிலா, எக்செல் ஷீட்டிலா?

டிப்ளமோ முடித்துவிட்டு வருகிற பையனுக்கு மைக்ரோமீட்டரில் ஒழுங்காக அளவு எடுக்கத் தெரியவில்லை என்பது தொழிற்சாலைகளின் நிரந்தரப் புலம்பல். ஒரகடமோ ஓசூரோ கோவையோ, எங்கே போனாலும் இதைக் கேட்கலாம். அந்தப் பையன் படித்த பாலிடெக்னிக்கில் போய்க் கேட்டால் ஒரு ஃபைலை எடுத்து நீட்டுவார்கள். அதில் அந்தப் பாடத்தின் ‘அவுட்கம் அட்டெய்ன்மென்ட்’ மூன்றுக்கு 2.4 என்று அச்சாகியிருக்கும். அதாவது, மாணவர்கள் கற்க வேண்டியதை நன்றாகவே கற்றுவிட்டார்கள் என்று அர்த்தம்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஃபேக்டரி பார்ப்பது கையை. கல்லூரி கணக்குப் போடுவது மார்க்கை. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் பாவனை செய்துகொண்டிருப்பதில்தான் சிக்கல். நடுவில் மாட்டிக்கொள்வது, பத்தொன்பது வயதில் முதல் வேலைக்குப் போகிற அந்த டெக்னீஷியன்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் சிந்தனையின் பெயர் ‘அவுட்கம் பேஸ்டு எஜுகேஷன்’. தமிழில் விளைவு சார்ந்த கல்வி. கல்லூரி ஸ்டாஃப் ரூமில் சுருக்கமாக ஓ.பி.இ. சிந்தனை நல்ல சிந்தனைதான். டெக்னீஷியன் படிப்பில் அதைப் பயன்படுத்தும் விதம்தான் கோளாறு.

எட்டு போட்டால்தான் லைசென்ஸ்

டூ-வீலர் லைசென்ஸுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனவர்களுக்கு ஓ.பி.இ.யை விளக்கவே வேண்டாம். எத்தனை நாள் பழகினீர்கள், யார் சொல்லிக்கொடுத்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. காலைக் கீழே ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். போட்டால் பாஸ். கால் ஊன்றினால், இன்னொரு நாள் திரும்ப வர வேண்டும். அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளரான வில்லியம் ஸ்பேடி, ஓ.பி.இ. பற்றி 1994ல் எழுதிய புத்தகத்தில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். படிப்பு முடியும்போது மாணவர் என்ன செய்யக் கூடியவராக இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடம், பயிற்சி, தேர்வு எல்லாவற்றையும் அமையுங்கள். எல்லோராலும் அந்த இடத்தை எட்ட முடியும் என்று நம்புங்கள். ஒரே தடவையில் எட்டாதவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்.

கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். வழக்கமான படிப்பில் காலம் நிலையாக இருக்கும், கற்றல் ஆளுக்கு ஆள் மாறும். செமஸ்டர் முடிந்ததா, ஒருவருக்கு 90 மார்க், இன்னொருவருக்கு 42 மார்க், இரண்டு பேரும் பாஸ், அடுத்த செமஸ்டருக்குப் போ. ஓ.பி.இ. இதைத் தலைகீழாக்குகிறது. கற்றல் நிலையாக இருக்க வேண்டும். காலம் வேண்டுமானால் ஆளுக்கு ஆள் மாறட்டும்.

இந்த ஒரு விஷயத்தை எடுத்துவிட்டால் ஓ.பி.இ.யில் மிஞ்சுவது படிவங்கள் மட்டும்தான்.

டிப்ளமோவுக்கு இது எப்படி வந்தது?

ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை இன்னொரு நாடு சமமாக ஏற்றுக்கொள்ள 1989ல் உருவானது வாஷிங்டன் உடன்படிக்கை. இதில் இந்தியா 2014ல் நிரந்தர உறுப்பினரானது. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டது தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ. இந்த உடன்படிக்கையின் மொழியே ‘விளைவுகள்’ என்பதால், என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும் என்கிற கல்லூரிகள் எல்லாம் ஓ.பி.இ. பேச ஆரம்பித்தன.

வாஷிங்டன் உடன்படிக்கை பி.இ., பி.டெக். அளவிலான படிப்புகளுக்கானது. அது டிப்ளமோவைத் தொடாது. டெக்னீஷியன்களுக்கென்று 2002ல் கையெழுத்தான டப்ளின் உடன்படிக்கை தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், டெக்னாலஜிஸ்ட்களுக்காக 2001ல் வந்த சிட்னி உடன்படிக்கை.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த உடன்படிக்கைகளே தெளிவாகச் சொல்கின்றன. இன்ஜினீயர் கையாள வேண்டியவை ‘சிக்கலான’ பிரச்னைகள். டெக்னாலஜிஸ்ட் கையாள வேண்டியவை ‘விரிவாக வரையறுக்கப்பட்ட’ பிரச்னைகள். டெக்னீஷியன் கையாள வேண்டியவை ‘நன்கு வரையறுக்கப்பட்ட’ பிரச்னைகள். புதிதாக ஒரு பம்ப்பை வடிவமைப்பது முதல் வகை. ஓடிக்கொண்டிருந்த பம்ப் ஏன் தண்ணீர் ஏற்றவில்லை என்று கண்டுபிடித்துச் சரி செய்வது மூன்றாவது வகை. ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்பதில்லை. வேலையே வேறு.

டிப்ளமோ படிப்புகளுக்கு என்.பி.ஏ. ஏழு ‘ப்ரோக்ராம் அவுட்கம்’களை வகுத்திருக்கிறது. அடிப்படை அறிவு, பிரச்னையை ஆராய்தல், தீர்வை வடிவமைத்தல், கருவிகளைக் கையாண்டு சோதித்தல், சமூகம் - சுற்றுச்சூழல் பொறுப்பு, ப்ராஜெக்ட் மேலாண்மை, வாழ்நாள் முழுக்கக் கற்றல். பட்டியலில் பெரிய குறை சொல்ல முடியாது. கருவிகளைக் கையாள்வது தனி அவுட்கமாகவே இருக்கிறது. பிரச்னை, இந்த அவுட்கம் வந்துவிட்டதா என்று பார்க்கிற இடத்தில்தான் தொடங்குகிறது. அந்த முறை, பி.இ. கல்லூரியில் எழுத்துத் தேர்வை அளக்கிற அதே முறைதான்.

அந்த 2.4 எப்படிப் பிறக்கிறது?

கணக்கு அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. கல்லூரிக்குக் கல்லூரி எல்லைக்கோடுகள் கொஞ்சம் மாறும். ஆனால் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாடத்துக்கு ஐந்து ‘கோர்ஸ் அவுட்கம்’ எழுதியிருப்பார்கள். தேர்வில் 60 சதவீத மார்க் எடுத்தால் அந்த மாணவர் இலக்கை எட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வார்கள். வகுப்பில் 60 முதல் 70 சதவீதம் பேர் எட்டினால் லெவல் 1. 70 முதல் 80 சதவீதம் பேர் என்றால் லெவல் 2. அதற்கு மேல் லெவல் 3.

செமஸ்டர் தேர்வில் 45 பேர் எட்டினார்கள். அதாவது 75 சதவீதம், எனவே லெவல் 2. இன்டர்னலில் 51 பேர் எட்டினார்கள். 85 சதவீதம், லெவல் 3. செமஸ்டர் தேர்வுக்கு 60 சதவீதம், இன்டர்னலுக்கு 40 சதவீதம் முக்கியத்துவம் என்றால், 1.2 கூட்டல் 1.2, மொத்தம் 2.4. இதை அவுட்கம் வாரியாகப் பெருக்கி, மேப்பிங் அட்டவணையில் நிரப்பி, வருஷா வருஷம் ஒப்பிட்டு, பைண்டிங் செய்து வைத்துவிடுவார்கள்.

இப்போது அந்த 2.4ஐக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மூன்று ஓட்டைகள் தெரியும்.

ஒன்று, அது வகுப்பைப் பற்றிய எண். தனி ஆளைப் பற்றி எதுவுமே சொல்லாது. செமஸ்டர் தேர்வில் இலக்கை எட்டாத அந்த 15 பேர் யார், அவர்களுக்கு என்ன செய்தார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில், இந்த பேட்ச்சில் முக்கால்வாசிப் பேர் எட்டு போட்டுவிட்டார்கள், அதனால் எல்லோருக்கும் லைசென்ஸ் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இரண்டு, எட்டிவிட்டதாகச் சொல்லப்படும் 45 பேருக்கும் எந்த 60 சதவீதம் தெரியும், எந்த 40 சதவீதம் தெரியாது என்பதற்குப் பதில் இல்லை. அளவு எடுப்பது அந்தத் தெரியாத பகுதியில் இருந்தாலும் கணக்கு இதேதான்.

மூன்றாவது பெரிய ஓட்டை. கணக்கில் எடையைத் தூக்குவது பெரும்பாலும் எழுத்துத் தேர்வு. ‘ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரின் படம் வரைந்து, அது வேலை செய்யும் விதத்தை விளக்குக’ என்று கேட்டு, மாணவர் அழகாக எழுதிவிட்டால், அவுட்கம் வந்துவிட்டதாகக் கணக்கு. எட்டு போடுவது எப்படி என்று எட்டுப் பக்கம் எழுதியவருக்கு லைசென்ஸ் கொடுப்பது போலத்தான் இது.

பிராக்டிகல் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் பல பிராக்டிகல் தேர்வுகளின் மார்க் பட்டியலைப் பார்த்தால் ஏய்ம், ப்ரொசீஜர், டயகிராம், டேபிள், ரிசல்ட், வைவா, ரெக்கார்டு நோட்டு என்று எழுத்து வேலைக்கே பெரும் பங்கு போய்விடும். எந்த ரிசல்ட் வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். அதனால் ரிசல்ட்டிலிருந்து பின்னோக்கிப் போய் ரீடிங் எழுதுகிற கலை, இன்ஜினீயரிங் படித்த யாருக்கும் புதிதல்ல. ஒரு மெஷினைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றால், கை வைப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், மீதிப் பேர் வேடிக்கை.

இதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. கோர்ஸ் அவுட்கம் எழுத எல்லோரும் கையில் எடுப்பது பெஞ்சமின் ப்ளூம் குழு 1956ல் வெளியிட்ட வகைப்பாட்டை. நினைவில் வைத்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல் என்று ஏறிப்போகும் அந்த ஏணி, மூளையின் வேலைக்கானது. கை வேலைக்கு அந்தக் குழு ஏணி எதுவும் செய்யவில்லை. பின்னால் அதைச் செய்த சிலரில் ஒருவர் இந்தியர். என்.சி.இ.ஆர்.டி.யில் பணியாற்றிய ஆர்.எச். தவே. அவர் சொன்ன படிகள் ஐந்து. பார்த்து அப்படியே செய்தல். சொன்னால் செய்தல். துல்லியமாகச் செய்தல். பல வேலைகளைக் கோர்த்துச் செய்தல். கடைசியில், கை பழகி, யோசிக்காமலேயே சரியாகச் செய்தல்.

ஒரு ஃபிட்டரோ வயர்மேனோ எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்ல இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை. ஆனால் டிப்ளமோ கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ப்ளூம் லெவல் அச்சாகிறது. தவேயின் படிகளைப் பட்டறைச் சுவரில் தேடினாலும் கிடைப்பது அரிது.

எண்பது சதவீதம் பாதுகாப்பு என்று ஒன்று உண்டா?

சராசரிக் கணக்கின் உண்மையான ஆபத்து இங்கேதான் வருகிறது.

ஒரு கண்ட்ரோல் பேனலில் வேலை செய்யும்முன் டெக்னீஷியன் செய்ய வேண்டியவை: மெயினை ஆஃப் செய்வது, யாரும் ஆன் செய்ய முடியாதபடி பூட்டு போட்டு டேக் மாட்டுவது, டெஸ்டரை வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டு, மூன்று ஃபேஸிலும் சப்ளை இல்லை என்று உறுதி செய்வது, அதற்குப் பிறகே கை வைப்பது. மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு பூட்டு போடுவதை மட்டும் மறந்தவருக்குத் தேர்வுத்தாளில் 80 மார்க் கிடைக்கலாம். ஷாப் ஃப்ளோரில் அந்த மீதி 20 மார்க், ஒரு உயிர்.

அதனால் டெக்னீஷியன் படிப்பில் சில விளைவுகளை மார்க்காக அளக்கவே கூடாது. வந்துவிட்டதா, வரவில்லையா என்ற இரண்டே பதில்தான். வரவில்லை என்றால் திரும்பப் பழக வேண்டும், திரும்பச் செய்து காட்ட வேண்டும். இன்றைய அட்டெய்ன்மென்ட் கணக்கில் இப்படிப்பட்ட திறனுக்குத் தனி இடம் இல்லை. ரெக்கார்டு நோட்டின் கையெழுத்தும் பாதுகாப்பும் ஒரே கூட்டலில் கலந்துவிடுகின்றன.

இதில் யாருக்கு நஷ்டம்?

சான்றிதழ் மேல் நம்பிக்கை இல்லாதபோது கம்பெனிகள் செய்வது ஒன்றே ஒன்றுதான். எல்லோரையும் ட்ரெய்னியாக எடுத்து, ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்து, தேறுகிறவரை வைத்துக்கொள்வது. நன்றாக வேலை தெரிந்த மாணவரும் தெரியாத மாணவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒரே தொகை வாங்குகிறார்கள்.

அந்தத் தொகை எவ்வளவு? அப்ரென்டிஸ் சட்டம் 1961ல் வந்தது. 2019ல் திருத்திய விதிகள் டிப்ளமோ முடித்த அப்ரென்டிஸுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். பயிற்சிக் காலம் என்பதால் அது சம்பளமும் இல்லை. மூன்று வருஷம் படித்து முடித்தவர், படிப்பில் வந்திருக்க வேண்டிய திறனைத் தொழிற்சாலையில் இன்னொரு தடவை, குறைந்த தொகைக்குக் கற்கிறார். கல்லூரி சரியாக அளக்காததன் பில், மாணவர் பாக்கெட்டிலிருந்து போகிறது.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர், வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிப் படிப்பைத் தாண்டியவர்கள். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, இங்கிலீஷில் அச்சான கேள்வித்தாளோடு மல்லுக்கட்டுகிறவர்கள். இவர்களில் கை வேலையில் சூரராக இருப்பவரும் எழுத்துத் தேர்வில் அரியர் வைக்கிறார். அவருடைய உண்மையான திறமையை எந்தத் தாளிலும் யாரும் பதிவு செய்வதில்லை. விளைவை நேர்மையாக அளந்தால் முதலில் பயனடைவது இவர்தான்.

மற்ற நாடுகள் பட்ட பாடு

இது இந்தியாவில் மட்டும் நடக்கும் கூத்து இல்லை. பிரிட்டன் 1986ல் தொழிற்கல்வித் தகுதிகளுக்கென ஒரு தேசிய கவுன்சிலை அமைத்து, என்.வி.கியூ. என்ற தகுதி முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்னத் திறன்களாக உடைத்து, ஒவ்வொன்றையும் ‘செய்ய முடிகிறதா’ என்று டிக் போடும் முறை. கல்வியாளர் அலிசன் உல்ஃப் 1995ல் எழுதிய புத்தகத்தில் இதன் அடிப்படைக் கோளாறைக் காட்டினார். ஒரு திறனைத் துல்லியமாக எழுத முயன்றால் அதற்கு விளக்கம் தேவைப்படும். விளக்கத்துக்கு இன்னொரு விளக்கம். எழுத்து நீண்டுகொண்டே போகுமே தவிர, இரண்டு தேர்வாளர்கள் ஒரே மாதிரி மதிப்பிடுவார்கள் என்ற உத்தரவாதம் வராது.

தென்னாப்பிரிக்கா நிறவெறி ஆட்சி முடிந்த கையோடு, 1997ல், பள்ளிக் கல்வியை ஓ.பி.இ.க்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. ‘கரிக்குலம் 2005’ என்று அதற்குப் பெயர். நோக்கம் உன்னதமானது. ஆனால் ஆசிரியர்கள் புரியாத கலைச்சொற்களிலும் படிவங்களிலும் மூழ்கினார்கள். 2000லேயே மறுஆய்வுக் குழு போட வேண்டி வந்தது. 2010ல் அந்த முறையைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. வசதியில்லாத பள்ளிகள்தான் அதிகம் அடிபட்டன.

ஜெர்மனி வேறு பாதையில் போனது. அங்கே தொழிற்பயிற்சி, தொழிற்சாலையிலும் தொழிற்பள்ளியிலும் சேர்ந்தே நடக்கும். மெஷின், எலெக்ட்ரிகல் தொழில்களில் பெரும்பாலும் மூன்றரை வருஷம். கவனிக்க வேண்டியது தேர்வைத்தான். தேர்வை நடத்துவது பயிற்சி கொடுத்த கம்பெனியும் இல்லை, பள்ளியும் இல்லை. தொழில் வர்த்தக சபை. தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும். கூடவே தொழிற்பள்ளி ஆசிரியரும் இருப்பார். மாணவர் தன் கம்பெனியில் ஓர் உண்மையான வேலையைத் திட்டமிட்டு, செய்து முடித்து, ஏன் அப்படிச் செய்தார் என்று அந்தக் குழுவிடம் பேசி விளக்கும் முறையும் அங்கே உண்டு.

கற்றுக்கொடுத்தவரே மார்க் போட்டுக்கொள்வதில்லை என்பதால் அந்தச் சான்றிதழுக்கு மரியாதை. ஜெர்மானிய முறையைப் பார்த்து இந்தியாவிலும் 2016ல் ஐ.டி.ஐ.களுக்கு ‘டூயல் சிஸ்டம்’ பயிற்சி அறிமுகமானது. பயிற்சியில் எடுத்துக்கொண்ட அந்தப் பாடத்தைத் தேர்விலும் எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் இது.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில், விளைவுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு ஐந்து என்று பெருக்கினால் மூன்று வருஷத்தில் ஒரு மாணவருக்கு நூற்றுக்கு மேல் அவுட்கம் சேர்ந்துவிடும். அதை யாராலும் உண்மையாகச் சோதிக்க முடியாது. வருஷத்துக்கு ஐந்தாறு கட்டாயத் திறன்கள் போதும். மெக்கானிக்கல் என்றால், டிராயிங்கைப் பார்த்து லேத்தில் ஒரு ஸ்டெப் டர்னிங் ஜாப் செய்து, 0.05 மி.மீ.க்கு மேல் பிசகாமல் முடித்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்து காட்டுவது. எலெக்ட்ரிகல் என்றால், வேண்டுமென்றே கோளாறு வைத்த ஒரு ஸ்டார்ட்டர் பேனலைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கச் சொல்வது. கான்டாக்டர் காயில் எரிந்திருக்கிறதா, ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறதா, ஏதாவது வயர் லூஸா என்பதை மாணவர் எந்த வரிசையில் தேடுகிறார் என்று பார்த்தாலே போதும், அவருக்கு எவ்வளவு தெரியும் என்று விளங்கிவிடும்.

இரண்டாவது, தேர்வாளர் வெளியிலிருந்து வர வேண்டும். இப்போதும் எக்ஸ்டர்னல் வருகிறார். ஆனால் அவர் பெரும்பாலும் இன்னொரு பாலிடெக்னிக்கின் ஆசிரியர். அவருக்குப் பக்கத்தில், மெயின்டனன்ஸில் பத்து வருஷம் அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியனோ சூப்பர்வைசரோ உட்கார வேண்டும். அவருக்கு மாஸ்டர் டிகிரி தேவையில்லை. ஜாப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

மூன்றாவது, வரவில்லை என்றால் அரியர் என்று முத்திரை குத்தாமல், அடுத்த மாதமே திரும்பச் செய்து காட்டும் வாய்ப்பு. இது இல்லாமல் ஓ.பி.இ. என்ற பெயரையே வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நான்காவது, மார்க் ஷீட்டோடு ஒரு பக்கத் திறன் பட்டியல். என்னென்ன செய்து காட்டினார், எந்தத் தேதியில், யார் பார்த்தார்கள் என்பது மட்டும் போதும். வேலைக்கு எடுப்பவர் அந்த ஒரு பக்கத்தைப் படித்தால் போதும், 2.4 என்ற எண்ணை அவர் தேடப்போவதில்லை.

நடைமுறைக்கு ஒத்துவருமா?

ஆசிரியர்கள் சொல்லக்கூடிய முதல் மறுப்பு, நேரம். நியாயமான மறுப்புதான். 60 பேருக்குத் தலா அரை மணி நேரம் என்றால் ஒரு திறனுக்கே 30 மணி நேரம். ஆறு திறன் என்றால் 180 மணி நேரம். ஒரே ஒரு பேனலை வைத்துக்கொண்டு முடியாது. ஆறு பேனல் இருந்தால், ஆறு பேர் ஒரே நேரத்தில் செய்வார்கள், 30 மணி நேரம் ஐந்தாகச் சுருங்கும். அதற்குத் தேவை மெஷினும் ஆளும். மேப்பிங் அட்டவணை நிரப்பவும் ஃபைல் தயாரிக்கவும் இன்று ஆசிரியர்கள் செலவிடும் மாலை நேரங்களைக் கணக்குப் போட்டால், கொஞ்ச நேரம் அங்கிருந்தே கிடைக்கும்.

கருவிகளுக்குப் பணம் வராமலும் இல்லை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை, டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுமார் 2,877 கோடி ரூபாயில் ‘இண்டஸ்ட்ரி 4.0’ தரத்துக்கு உயர்த்தும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ மூலம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் போகின்றன. ரோபோவும் சி.என்.சி.யும் வந்துவிட்டால் மட்டும் விளைவு வந்துவிடாது. அந்த மெஷினில் ஒவ்வொரு மாணவரும் தனியாக என்ன செய்து காட்டினார் என்று கேட்கிற தேர்வு வந்தால்தான், அந்த மெஷின் கண்ணாடி அறைக்குள் காட்சிப்பொருளாக நிற்காமல் ஓடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கை வேலையை மட்டும் சோதித்தால் தியரி தேய்ந்துவிடாதா? நாளைக்கு மெஷின் மாறினால் இந்தப் பையன் என்ன செய்வான்? டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேர நினைப்பவர் என்ன ஆவார்?

தியரி இல்லாத டெக்னீஷியன் பட்டன் அழுத்துபவராகவே இருந்துவிடுவார் என்பது உண்மை. அதனால்தான் கோளாறு கண்டுபிடிக்கும் தேர்வு சிறந்தது. ஸ்டார்ட்டர் சர்க்யூட்டில் கரன்ட் எந்த வழியாகப் போகிறது என்று புரியாதவரால் அந்தப் பேனலில் கோளாறைப் பிடிக்கவே முடியாது. செய்து முடித்த பிறகு, ஏன் இதை முதலில் சோதித்தாய் என்று தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டால், தியரி தானாக வெளியே வரும். எழுத்துத் தேர்வை ஒழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எழுதத் தெரிந்ததை வைத்து, செய்யத் தெரியும் என்று சான்று கொடுக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவது கேள்வி, கம்பெனிகளைப் பார்த்துக் கேட்க வேண்டியது. தேர்வாளராக வந்து உட்கார ஒரு சூப்பர்வைசரை வருஷத்தில் இரண்டு நாள் அனுப்புவார்களா? அதைவிட முக்கியமாக, திறன் பட்டியலோடு வருகிறவருக்கு ட்ரெய்னி காலத்தைக் குறைத்து, முதல் மாதத்திலிருந்தே சரியான சம்பளம் கொடுப்பார்களா? ஸ்கில் இல்லை என்று வருஷம் முழுக்கப் புலம்பிவிட்டு, ஸ்கில் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தொகை கொடுத்தால், மாணவர் எதற்காக மெனக்கெட வேண்டும்? ஜெர்மனியில் அந்தத் தேர்வு நடப்பதற்கு, வேலை கொடுப்பவர்களும் பொறுப்பில் பங்கு எடுத்துக்கொள்வது ஒரு முக்கியக் காரணம்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

பத்தாவது ரிசல்ட் வந்ததும் பாலிடெக்னிக் வாசலில் நிற்கும் பெற்றோர் பொதுவாகக் கேட்பது, பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம், ஃபீஸ் எவ்வளவு, பஸ் வருமா என்பவை. அதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம். முதல் வருஷம் முடியும்போது என் பிள்ளை தனியாக என்னென்ன செய்து காட்டுவான், அதை யார் வந்து பார்ப்பார்கள்?

இதற்கு நேரடியான பதில் சொல்ல முடிகிற கல்லூரி, ஓ.பி.இ. என்ற வார்த்தையையே உச்சரிக்காவிட்டாலும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பதிலுக்கு ஃபைலை எடுத்து நீட்டுகிற கல்லூரியில், அட்டெய்ன்மென்ட் மூன்றுக்கு மூன்றே இருந்தாலும், பட்டறைக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு அப்ளிகேஷன் வாங்குவது நல்லது.